எடைமேடை

பாண்டிச்சேரியில், குளிரூட்டிய ஓர் அறையில்
எட்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்:
கட்டி ஆறு புள்ளி இரண்டு சென்டிமீட்டர்,
ரத்தம் ஏழு புள்ளி எட்டு,
பிள்ளை பெற்றாயிற்று, வயசு நாற்பத்தேழு,
காப்பீட்டு அட்டை இருக்கிறது,
வியாழக்கிழமை எடுத்துவிடலாம்.

'எடுத்துவிடலாம்' என்ற சொல்லை
ஸ்கேன் கவரோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கன்னியக்கோயில் தாண்டி
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி
பேருந்தில் நின்றபடியே வந்தேன்.

வீட்டுக்காரர் சரி என்றார்.
நாத்தனார் அஞ்சலாட்சி, எனக்கும் எடுத்தாச்சு,
இப்ப நிம்மதி என்றாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.
ஐஸ் பிளாண்ட் செவந்தி, எடுக்காதே,
எலும்பு உருகிப்போகும் என்றாள்.
ஆளுக்கொரு முடிவு இருந்தது
என் அடிவயிற்றைப் பற்றி.

முதுநகரில், மீன் வண்டிகள் திரும்பும் முக்கில்
டாக்டர் ஹபீபாவின் கிளினிக்.
டோக்கன் அட்டையில் பதினொன்று தேய்ந்து
ஒன்று போலத் தெரியும்.
அதை வைத்துத் தினமும் சண்டை.
நூற்றைம்பது ரூபாய். இல்லையென்றால் அடுத்த முறை.

கவரைப் பிரித்து, ஊரிலிருந்து வந்த கடிதம்போல
கடைசி வரி வரைக்கும் படித்தார்.
"நீங்களே சொல்லுங்க டாக்டர், எடுக்கவா வேணாமா?"
சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது.
துறைமுகத்து எடைமேடையில்
நாள் முழுக்க லாரி எடை போடுகிறவள் நான்.
ஏறினால் எண் வரவேண்டும்.
இரும்பு அங்கே யோசிப்பதில்லை.

அவர் கேட்டதெல்லாம் வேறு.
ஒரு நாளைக்கு எத்தனை மாத்துற,
படி ஏறினா மூச்சு வாங்குதா,
கத்திக்குப் பயமா, புத்துநோய்க்குப் பயமா.
ஸ்கேனில் கெட்டதாக எதுவும் தெரியவில்லை,
ஆனாலும் ஒரு சின்னச் சோதனை பாக்கி,
அது வராமல் யாரும் கை வைக்கக் கூடாது என்றார்.
மாத்திரை உண்டு, உள்ளே பொருத்தும் கருவி உண்டு,
தானாக நிற்கும் வயசும் தூரமில்லை,
ஆபரேஷனும் தப்பில்லை.
"உங்கம்மா இருமல்ல நான் ஒருதடவ தப்பு பண்ணேன்,
மூணு வாரம் லேட்டு.
தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன், பவுனு."

அப்புறம் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"அந்த எடைமேடையில பாத்ரூம் இருக்கா?"

இல்லை.
வலைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது.
அதுவும் இருட்டிய பிறகு.
பதினோரு வருஷமாக அந்த மூன்று நாள்,
இப்போது பத்து நாள்,
கறுப்புச் சேலை, தண்ணீர் படாத தொண்டை.
எடுத்துவிடலாம் என்றபோது
எனக்கு முதலில் வந்தது பயமில்லை,
இனி அந்தச் சுவருக்குப் போகவேண்டாம் என்ற சந்தோஷம்.
வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.
சொன்னதும் அழுகை.
வெளியே பதினொன்றும் ஒன்றும்
கத்திக்கொண்டிருந்தார்கள்.

சீட்டு எழுதினார்.
முதல் வரி: இரும்புச்சத்து மாத்திரை. டீயோடு கூடாது.
இரண்டாவது: சோதனை, பெரியாஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை.
மூன்றாவது, கொட்டை எழுத்தில்:
வேலை செய்யும் இடத்தில் கழிவறை. உடனடியாக.
கீழே கையெழுத்து, பதிவு எண், முத்திரை.
"மேனேஜர்கிட்ட காட்டு. ஏதாவது கேட்டா
என் நம்பரக் குடு."
நான்கு என்று எண் போட்டார்,
எதிரே ஒன்றும் எழுதவில்லை.
"இது உன்னோடது. மூணு வாரம் கழிச்சு வா.
எடுக்கறதுன்னா நானே லெட்டர் தரேன்.
வேணாம்னாலும் நானே பாக்கறேன்."

வியாழக்கிழமை நான் பாண்டிச்சேரி போகவில்லை.
மத்தி ஏற்றிய லாரி ஒன்று
மேடையில் நின்றிருந்தது.
டிரைவர் இறங்காமல் போன் பேசிக்கொண்டிருந்தான்.
இறங்கு, என்றேன்.
உன் எடையும் சேர்ந்து காட்டுகிறது.